நடந்து வருபவரின் ஹக்கு



பக்கத்து ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர்; ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து ஜகாத் கொடுப்பவர். ஜமாஅத்தார் எல்லாரும் எழுந்து போகும் வரை தூணோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்” என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை டவுனுக்குத் தம் காரில் போயிருக்கிறார். வேலை முடிய நேரமாகிவிட்டது. குத்பா தொடங்கிவிடுமே என்ற பதற்றத்தில் திரும்பிக் கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னே ஜீப்ரா கிராஸிங் என்று சொல்லப்படும் வெள்ளைப் பட்டைகள் போட்டிருந்த இடம். இடப்பக்கம் ஒரு பஸ் நின்றிருந்தது. ஆள் ஏற்றத்தான் நிற்கிறது என்று எண்ணி, வலப்பக்கமாக அதை முந்தியிருக்கிறார். பஸ் ஆள் ஏற்ற நிற்கவில்லை. பூக்கூடையோடு ஒரு மூதாட்டி சாலையைக் கடப்பதற்காக நின்றிருந்தது. அந்த அம்மாள் பஸ்ஸின் முகப்பைத் தாண்டி வெளியே வந்ததும், இவருடைய கார் அங்கே வந்ததும் ஒரே கணத்தில் நடந்துவிட்டன. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளின் உயிர் பிரிந்தது.

“கேஸ் முடிஞ்சிருச்சு ஹஜ்ரத். கோர்ட்ல அபராதம் கட்டியாச்சு. இன்ஷூரன்ஸ்ல அந்தக் குடும்பத்துக்குப் பணமும் குடுத்துட்டாங்க. ஜும்ஆவுக்குத்தானே போனேன், வேற எங்கயும் போகலியே! எல்லாம் அல்லாஹ்வோட கத்ருன்னு வீட்ல சொல்றாங்க. என் மேல இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?”

பாக்கி இருக்கிறது என்று சொல்ல எனக்கு உடனே நா எழவில்லை. என் தகப்பனார் வயது அவருக்கு. ஆனாலும் கேட்டவருக்கு மறைக்காமல் சொல்வது ஆலிம் மீது கடமை. அன்று அவரிடம் சொன்னவற்றையும், அதன் பிறகு கிதாபுகளைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானவற்றையும் இங்கே எழுதுகிறேன். வாகனமில்லாத வீடு நம் மஹல்லாக்களில் இன்று அரிதாகிவிட்டது. எனவே இது எல்லா வீட்டிலும் வாசிக்கப்பட வேண்டிய விஷயம் என்று கருதுகிறேன்.

வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே மனனம் செய்து விடுகிறார்கள். அது ஸூரத்துஸ் ஸுக்ருபின் 13, 14 ஆம் வசனங்களில் வருவது. அதன் பொருளைச் சற்றே கவனிக்க வேண்டும். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன் என்றும், இதை அடக்கும் வலிமை நமக்கு இருக்கவில்லை என்றும், நாம் நம் ரப்பிடம் திரும்பிச் செல்கிறவர்கள் என்றும் அதில் ஒப்புக்கொள்கிறோம். சாவியைத் திருகும்போதே மரணத்தை நினைவூட்டும் துஆ அது. துஆவை ஓதிவிட்டு, அடுத்த தெருமுனையிலேயே ‘என்னை அடக்க யாருண்டு’ என்கிற தோரணையில் வண்டியை விரட்டுகிறவன், தான் ஓதியது என்னவென்று அறியாதவன்.

ஏறியிருப்பவனுக்கும் நடந்து வருபவனுக்கும் இடையே உள்ள முறை என்ன? நம் மார்க்கம் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. வாகனத்தில் இருப்பவர் நடந்து வருபவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும், நடந்து வருபவர் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. ஏறியிருப்பவர் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? ஏறி அமர்ந்திருப்பதால் உள்ளத்தில் பெருமை புகுந்து விடாமல் பணிவுக்குத் திரும்பவே இந்த ஏற்பாடு என்று காரணம் கூறப்பட்டிருப்பதை இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் பத்ஹுல் பாரியில் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒட்டகத்தின் மேலும் கழுதையின் மேலும் இருந்தவர்களுக்கே இந்த மருந்து தேவைப்பட்டது என்றால், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு எத்தனை மடங்கு தேவைப்படும்! ஸலாம் என்பதன் பொருள், என்னால் உமக்குத் தீங்கு இல்லை, நீர் பத்திரமாக இருப்பீராக என்பதுதானே. வெள்ளைப் பட்டையின் முன்னே வண்டியை நிறுத்தி, போங்கள் என்று கையசைப்பவன் இந்த ஸலாமைச் செயலால் சொல்லிவிடுகிறான். ஹார்னை அலறவிடுகிறவன் எதைச் சொல்கிறான் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் நடையில் நடுநிலையையும் குரலில் தாழ்வையும் ஒருசேரச் சொல்லிவிட்டு, குரல்களிலெல்லாம் வெறுக்கத்தக்கது எந்தப் பிராணியின் குரல் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஸூரத்து லுக்மானின் 19 ஆம் வசனத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட என் மனதை உலுக்குவது எறும்பின் சம்பவம். நபி ஸுலைமான் (அலை) அவர்கள் ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அணிவகுத்த பெரும் படையோடு எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்குகிறார்கள். ஓர் எறும்பு தன் கூட்டத்தாரைப் பார்த்து, உங்கள் பொந்துகளுக்குள் நுழைந்து விடுங்கள், ஸுலைமானும் அவருடைய படையினரும் தாங்கள் அறியாமலேயே உங்களை மிதித்து நசுக்கிவிடக் கூடும் என்று எச்சரிக்கிறது. ஸூரத்துந் நம்லின் 18 ஆம் வசனம் இதை எடுத்துரைக்கிறது.

‘அறியாமலேயே’ என்ற அந்த ஒரு சொல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு நபி வேண்டுமென்றே நசுக்க மாட்டார் என்று அந்த எறும்புக்குத் தெரியும். ஆகையால் அவர் சார்பில் அதுவே ஒரு சாக்கையும் சொல்லிவிடுகிறது. விபத்து நடந்த இடங்களில் வண்டி ஓட்டியவர் முதலில் சொல்லும் வார்த்தையும் இதுதானே? ‘கவனிக்கலைங்க, திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க.’ ஆனால் ஸுலைமான் (அலை) அவர்கள் அந்தச் சாக்கில் ஒதுங்கிக்கொண்டார்களா? மதரஸாக்களில் நாங்கள் ஓதும் தப்ஸீர் ஜலாலைனில் வருவதைக் கேளுங்கள். மூன்று மைல் தொலைவிலிருந்தே காற்று அந்த எறும்பின் பேச்சை அவர்கள் செவியில் சேர்த்தது. பள்ளத்தாக்கை நெருங்கியதும், எறும்புகள் தம் இருப்பிடங்களுக்குள் நுழைந்து முடியும் வரை படையைத் தடுத்து நிறுத்தினார்கள்! யாருடைய படை? காற்றே யாருக்கு வசப்படுத்தப்பட்டிருந்ததோ, அவருடைய படை. அத்தனை பெரிய அரசர் எறும்புகள் போகட்டும் என்று நின்றார். நின்று அலுத்துக்கொள்ளவும் இல்லை, புன்னகைத்து, தம் ரப்பின் நிஃமத்துக்கு நன்றி செலுத்தும் பாக்கியத்தைத் தருமாறு துஆச் செய்தார் என்கிறது 19 ஆம் வசனம். நாமோ ஒரு கிழவி கடந்து முடிக்கும் பத்து வினாடிக்குள் இரண்டு முறை ஆக்ஸிலேட்டரை உறுமவிடுகிறோம்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்குச் சான்று உண்டு. இறுதி ஹஜ்ஜில் அரபாவிலிருந்து முஸ்தலிபாவுக்குத் திரும்பும் மாலை. பெருங்கூட்டம். பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஆரவாரம் கேட்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் சைகை செய்து, நிதானத்தைக் கடைப்பிடியுங்கள், விரட்டி ஓட்டுவதில் நன்மை இல்லை என்னும் கருத்துப்பட அறிவுறுத்தியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் காண்கிறோம். ஜாபிர் (ரலி) அவர்களின் நீண்ட ஹதீஸில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தம் ஒட்டகம் கஸ்வாவின் கடிவாளத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்றால், அதன் தலை சேணத்தின் முன்பகுதியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டதாம். மணல் மேடு வரும்போது மட்டும் அது ஏறுவதற்காகச் சற்றுத் தளர்த்தினார்களாம். உஸாமா (ரலி) அவர்களின் அறிவிப்பில், இடைவெளி கிடைத்த இடத்தில் வேகமாகச் செலுத்தினார்கள் என்றும் உள்ளது. ஆகவே வேகமே கூடாது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது என்று அறிந்திருப்பதுதான் சுன்னத்து. கூட்டம் இருக்கும் இடத்தில், ஹஜ் போன்ற மகத்தான வணக்கத்தின் நடுவிலும்கூட, கடிவாளம் இறுகித்தான் இருந்தது.

பெரியவர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். “ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னா விரைஞ்சு வாங்கன்னு குர்ஆன்லயே வருதே ஹஜ்ரத்?” என்றார். நல்ல கேள்வி. ஸூரத்துல் ஜும்ஆவின் 9 ஆம் வசனத்தில் விரைவதைக் குறிக்கும் சொல் வந்திருப்பது உண்மையே. ஆனால் அது கால்களால் ஓடுவதைக் குறிக்காது. வியாபாரத்தை விட்டுவிட்டு அதே நாட்டத்தோடு புறப்படுவதைக் குறிக்கும் என்று முபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். இகாமத்துச் சொல்லப்பட்டால் ஓடி வராதீர்கள், அமைதியோடு நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள தெளிவான ஏவல். தொழுகைக்காகத் தன் கால்களால் ஓடுவதற்கே அனுமதி இல்லாதபோது, ஓர் இயந்திரத்தை மக்கள் நடுவே ஓடவிட எப்படி அனுமதி கிடைக்கும்? ஜும்ஆவுக்கு முந்திச் செல்பவருக்கு ஒட்டகம் குர்பானி கொடுத்த நன்மை என்று ஹதீஸ் வந்திருக்கிறதே, அது வீட்டைவிட்டு முந்திப் புறப்படுவதற்கே அல்லாமல், வழியில் பஸ்ஸை முந்துவதற்கு அல்ல.

இப்போது பிக்ஹுடைய விஷயத்துக்கு வருகிறேன். ‘ரோட்டில் கோடு போட்டது கவர்மெண்ட், இதில் பர்ளு எங்கே, சுன்னத்து எங்கே’ என்று ஒரு வாலிபர் ஒருமுறை என்னிடம் கேலியாகக் கேட்டார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பொதுப் பாதையில் செல்லும் உரிமை எத்தகையது என்று ஹிதாயாவில் ஒரு விதி வருகிறது. அது ஆகுமான செயல்தான். ஆனால் பிறருக்குத் தீங்கில்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. ஏனெனில் பாதை ஒருவனுக்கு மட்டும் சொந்தமானதன்று, எல்லாருக்கும் கூட்டானது. இந்த நிபந்தனை, தவிர்த்துக்கொள்ளச் சாத்தியமான தீங்குகளுக்கு மட்டுமே பொருந்தும். தவிர்க்கவே முடியாததற்கும் பொறுப்பாக்கினால் எவனும் வீட்டைவிட்டு வெளியேற முடியாது. ஆகவே பிராணி தன் கால்களால் மிதித்ததற்கும் தலையால் முட்டியதற்கும் அதன் மேல் ஏறியிருப்பவன் பொறுப்பாளி; போகிற போக்கில் அது பின்னங்காலால் உதைத்ததற்கோ வாலால் அடித்ததற்கோ பொறுப்பில்லை. முன்னால் இருப்பதைப் பார்த்து ஓட்ட முடியும். பின்னால் நடப்பதைத் தடுக்க முடியாது. இது ஹனபி மத்ஹபின் சட்டம். ஷாபியீ மத்ஹபிலோ இன்னும் கண்டிப்பு. பிராணியோடு இருப்பவர், அது உயிருக்கும் பொருளுக்கும் செய்யும் சேதத்துக்கு இரவானாலும் பகலானாலும் பொறுப்பாளி என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் பொதுவாகவே எழுதிவிட்டார்கள்.

தவிர்க்கச் சாத்தியமானது எது, சாத்தியமில்லாதது எது என்பதே இதில் மூலக் கேள்வி. காலியான நெடுஞ்சாலையில் திடீரென்று ஒருவர் குதித்துவிட்டால், ‘என்னால் இயலவில்லை’ என்று ஓட்டுநர் சொல்வதைக் காழியும் கேட்கக் கூடும். ஆனால் வெள்ளைப் பட்டை என்பது என்ன? ‘இங்கே மனிதர்கள் குறுக்கே வருவார்கள்’ என்று முன்கூட்டியே தரையில் எழுதி வைத்த அறிவிப்பு. 1951 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சட்டப்படி நடைமுறைக்கு வந்து, பிறகு உலகெங்கும் பரவிய ஏற்பாடு இது. கறுப்புத் தார்மீது வெள்ளைப் பட்டை என்பதால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அது போட்டிருக்கும் இடத்தில், திடீர் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போன கோடு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நம்முடைய உஸ்ரை, அதாவது மறுமையில் சொல்ல நினைத்திருந்த சாக்கை, அழித்துவிட்டுப் போன கோடு.

சட்டத்துக்குக் கட்டுப்படுவது மார்க்கத்தில் சேருமா என்பதிலும் குழப்பம் வேண்டாம். 1993 ஆம் ஆண்டு புரூணையின் தலைநகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, ஷரீஅத்துக்கு மாறுபடாத போக்குவரத்து விதிகளைக் கடைப்பிடிப்பது ஷரீஅத்தின்படியே வாஜிபு என்று தீர்மானித்திருக்கிறது. நம் நாட்டில் லைஸென்ஸ் வாங்கும்போது, விதிகளை அறிந்து நடப்பேன் என்று ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையோடுதான் ஸூரத்துல் மாயிதா ஆரம்பமாகிறது. ஒப்பந்தத்தை முஸ்லிமோடு செய்தால்தான் நிறைவேற்ற வேண்டும் என்று அங்கே இல்லை.

இன்னொரு மஸ்அலாவையும் சொல்லியாக வேண்டும். இது பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் உரியது. போய்க்கொண்டிருக்கும் பிராணி உதைத்தால் பொறுப்பில்லை என்று பார்த்தோமல்லவா? அதே பிராணியைப் பாதையில் நிறுத்தி வைத்திருந்தால், அந்த உதைக்கும் பொறுப்பாளி என்கிறது ஹிதாயா. செல்வது அவசியம், நிறுத்துவது அவனுடைய இஷ்டம். வெள்ளிக்கிழமை மதியம் நம் பள்ளிவாசல்களின் முன்னே போய்ப் பாருங்கள். நடைபாதையிலும் வெள்ளைப் பட்டையின் மீதும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. பாதசாரிகள் கடக்கும் இடத்திலும் அதன் அருகிலும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று நாட்டுச் சட்டமும் சொல்கிறது. கோட்டில் நடக்க இடமில்லாமல் ஒரு தாய் பிள்ளையோடு நடுரோட்டில் இறங்கி நடக்கிறாள். உள்ளே நாம் ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் கடைசிக் கிளையான, பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது பற்றி பயான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் சில ஊர்களில் முதவல்லிமார்களுக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் வரட்டும்.

கணக்கு ஒன்று தருகிறேன். 2022 ஆம் வருடத்தில் நம் இந்திய நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இன்னொரு கணக்கு நீங்களே போட்டுப் பார்க்கக் கூடியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்குள் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். கண்ணால் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடுகிறது. பிரேக் பிடிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஆகவே பட்டையைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆளைக் கண்ட பிறகு குறைக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. பட்டைக்கு முன் ஒரு வாகனம் நின்றிருந்தால், அது ஏன் நிற்கிறது என்று தெரியாமல் ஒருபோதும் தாண்டிப் போகக் கூடாது. அந்தப் பெரியவரின் துயரம் முழுதும் இந்த ஒரு பிசகில்தான் பிறந்தது.

நடப்பவர்களுக்குப் பொறுப்பு இல்லையா என்றால், இருக்கிறது. செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இறங்குவதும், பட்டை பத்தடியில் இருக்க வேலியைத் தாண்டிக் குதிப்பதும் தன்னைத் தானே நாசத்தில் எறிவதாகும். ஆனால் இதைச் சொல்லி ஓட்டுநர் தப்பித்துக்கொள்ள முடியாது. அம்பு முனைகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர், எவர் மீதும் பட்டுவிடாதபடி முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அம்பை வைத்திருப்பவர்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே வருபவர் ஒதுங்கிப் போகட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆபத்தான பொருள் எவன் கையில் இருக்கிறதோ, முதல் பொறுப்பும் அவனுக்கே.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ரமளானில் மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ‘இன்னும் வரலியா, கஞ்சி ஆறுது’ என்று போன் செய்யாதீர்கள். ஒரு பேரீச்சம்பழம் அவர் சட்டைப் பையில் இருந்தால் போதும். வழியிலேயே நோன்பு திறந்துகொள்வார். பதினெட்டு நிரம்பாத பிள்ளை தராவீஹுக்குப் போகிறான் என்று வண்டிச் சாவியைக் கொடுக்கிறீர்களே, அவன் விபத்து செய்தால் பெற்றோருக்கே மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்று 2019 இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இது துன்யாவின் கணக்கு. அந்தப் பிள்ளையும் அமானிதம், அவன் எதிரே நடந்து வரும் இன்னொரு தாயின் பிள்ளையும் அமானிதம்.

இவ்வளவும் எழுதும் நான் குற்றமற்றவன் அல்லன். இரண்டாண்டுகளுக்கு முன் ஹக்குல் இபாத் பற்றி பயான் செய்ய ஓர் ஊருக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பட்டையின் ஓரத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு சித்தாள் பெண் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள். நான் ஹார்ன் அடித்தேன், அவள் பின்வாங்கிக்கொண்டாள், நான் போய்விட்டேன். அன்றிரவு மேடையில், மனிதர்களின் ஹக்கை அவர்களே மன்னிக்காதவரை தவ்பாவினால் மட்டும் அது தீராது என்று நான் பேசியபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அந்தப் பெண்ணை எங்கே போய்த் தேடுவேன்?

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கத்ரு என்பது உண்மை. அந்த அம்மாளின் அஜல் அந்த நாளில் எழுதப்பட்டிருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே அல்லாஹ்தான், தவறுதலாகக் கொன்றுவிட்டவனுக்கும் ஸூரத்துந் நிஸாவின் 92 ஆம் வசனத்தில் கடமை விதித்திருக்கிறான். கத்ரு என்று சொல்லித் தப்பிவிடலாம் என்றால், தவறுதலுக்குப் பரிகாரம் எதற்கு? அந்த வசனத்தில் இரண்டு கடமைகள் உள்ளன. ஒன்று, இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத் எனும் ஈட்டுத்தொகை. மற்றொன்று கப்பாரா. அடிமையை உரிமை விடுவது. அதற்கு வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பது. இறந்தவர் முஸ்லிமல்லாதவராக இருந்து, நம்மோடு உடன்படிக்கை உள்ள சமூகத்தவராக இருந்தாலும் இவ்விரண்டும் உண்டென்று அதே வசனம் சொல்கிறது. பூக்காரி அம்மாள் மாற்று மதத்தவர். அதனால் எதுவும் குறைந்து விடாது. ஏறியிருப்பவனின் பிராணி மிதித்துக் கொன்றால் அவன் மீது கப்பாரா உண்டு என்பதும் ஹிதாயாவில் வெளிப்படையாக இருக்கிறது. காரின் சக்கரத்துக்கும் அதுவே பொருந்தும்.

இன்ஷூரன்ஸ் தந்த பணம் தியத்தின் இடத்தில் எந்த அளவுக்கு நிற்கும் என்பதை விவரங்களோடு முப்தியிடம் எழுதிக் கேட்கச் சொன்னேன். நோன்பு மட்டும் எந்தக் கம்பெனியும் கட்ட முடியாத பாக்கி. நடுவே காரணமின்றி ஒரு நாள் விட்டாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரமளானோ இரு பெருநாட்களோ தஷ்ரீக் நாட்களோ இடையில் வராதபடி தொடங்க வேண்டும். பிறை ஒன்றில் தொடங்கினால் இரண்டு பிறை மாதங்கள். மாத நடுவில் தொடங்கினால் எண்ணி அறுபது நாட்கள். ஏழைகளுக்கு உணவளித்து இதை ஈடு செய்யும் சலுகை இந்த வசனத்தில் இல்லை. கியாமத்து நாளில் மனிதர்களுக்கு இடையே முதன்முதலாகத் தீர்க்கப்படுவது இரத்தம் பற்றிய வழக்குகளே என்ற ஹதீஸையும் அவருக்கு நினைவூட்டினேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். “அப்ப ரபீஉல் ஆகிர் ஒண்ணுல ஆரம்பிச்சுடறேன் ஹஜ்ரத்” என்றார்.

அந்தக் குடும்பத்தாரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டீர்களா என்று நான் விசாரித்தேன். வக்கீல் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். வழக்குத்தான் முடிந்துவிட்டதே, போய் வாருங்கள் என்றேன். போனார். பூக்காரி அம்மாளின் மகள் கதவருகே நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: “அன்னிக்கு எங்கம்மாவத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நீங்களா?” அடிபட்டவரை மருத்துவரிடம் சேர்ப்பது ஓட்டியவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அன்று கூட்டம் திரண்டதைக் கண்டு பயந்து இவர் காருக்குள்ளேயே இருந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடியவர் பஸ்ஸின் கண்டக்டர். பெரியவர் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார். அவள் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் போனார்.

இதை எழுதும் இன்று அவருக்கு நாற்பத்தொன்றாவது நோன்பு. சென்ற வாரம் அவருடைய மகன் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார். அத்தா காரை விற்கவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பதினொன்றரைக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டு விடுகிறார், அந்தப் பள்ளிக்கூடத்து வழியாகத்தான் போகிறார் என்று சொன்னார்.